மெயில் சர்வரில் அலியாஸ்: பெட்டி இல்லாத முகவரி எப்படி வேலை செய்கிறது?

"சார், அட்மிஷன் மெயில் ஐடியோட பாஸ்வேர்ட் என்ன?"

ஒரு கல்லூரியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, வருடம் தவறாமல் ஜூன் மாதம் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார். அந்த முகவரிக்குப் பாஸ்வேர்டே கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டார். தினமும் மெயில் குவிகிற முகவரிக்குப் பாஸ்வேர்ட் இல்லாமல் எப்படி இருக்கும்? நியாயமான சந்தேகம்தான். காரணம் ஒன்றே: அது பெட்டி அல்ல, அலியாஸ்.

அலியாஸ் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஒருவர் இன்பாக்ஸை அலியாஸ் என்கிறார், இன்னொருவர் குரூப் மெயிலை, வேறொருவர் ஜிமெயிலில் போடும் ஃபார்வர்டை. சும்மா பேசிக்கொள்ளும்போது இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் ஒரு சர்வரைக் கையில் எடுத்துப் பராமரிக்கத் தொடங்கும்போது இந்தக் குழப்பம் மெயில்களைத் தொலைக்கிறது. இப்போதுதான் சர்வர் பக்கம் வருபவர்களுக்காக அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாசிக்கத் தோதாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்; சர்வரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

தலைமையாசிரியருக்கு வரும் கடிதம்

"தலைமையாசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி" என்று உறைமேல் எழுதிக் கடிதம் போடுகிறோம். பெயர் எழுதுவதில்லை. தபால்காரர் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கிருக்கும் உதவியாளர் அதை எடுத்துக்கொண்டு போய், இன்றைக்கு அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் மேஜையில் வைக்கிறார். போன வருடம் இருந்தவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். கடிதம் போட்டவருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. "தலைமையாசிரியர் என்றால் இப்போது இந்த அம்மா" என்று உதவியாளருக்குத் தெரிந்தால் போதும்.

அவருக்குத் தெரிந்திருக்கும் அந்த ஒரு தகவல்தான் அலியாஸ். ஒரு பெயரைச் சொன்னால் அது எங்கே போக வேண்டும் என்று காட்டும் குறிப்பு. தலைமையாசிரியர் என்ற பதவிக்குத் தனியாக ஒரு வீடும் பூட்டும் சாவியும் இல்லாததுபோல, அட்மிஷன் என்ற அலியாசுக்குத் தனியாகப் பெட்டியும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. மெயில் வந்தவுடன் சர்வர் குறிப்பைப் பார்க்கிறது, அட்மிஷன் என்றால் கவிதா என்று இருக்கிறது, கவிதாவின் பெட்டியில் போடுகிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். அலியாஸ் வரும் மெயிலுக்கு மட்டும்தான். கவிதா பதில் எழுதும்போது அனுப்புநர் இடத்தில் அவருடைய சொந்த முகவரிதான் இருக்கும். அட்மிஷன் என்ற முகவரியிலிருந்து பதில் போவதுபோல் தெரிய வேண்டுமானால், அவர் பயன்படுத்தும் மெயில் செயலியில் அதைத் தனியாக அமைக்க வேண்டும். அலியாஸ் பட்டியல் அந்த வேலையைச் செய்யாது.

அந்த ஒரு வரி எப்படி இருக்கும்?

லினக்ஸ் சர்வர்களில் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் /ஈடிசி/அலியாசஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு குறிப்பு. இடப்பக்கம் பெயர், நடுவில் கோலன், வலப்பக்கம் போய்ச்சேர வேண்டிய இடம்:

அட்மிஷன்: கவிதா
தேர்வு: முருகன், ஜெயந்தி
போஸ்ட்மாஸ்டர்: ரூட்
ரூட்: முருகன்

முதல் வரி ஒருவருக்குப் போகிறது. இரண்டாவது வரி இருவருக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்புகிறது. மூன்றாவது வரியைக் கவனியுங்கள்: போஸ்ட்மாஸ்டர் என்பது ரூட்டைக் (சர்வரில் முழு அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) காட்டுகிறது, ரூட் முருகனைக் காட்டுகிறது. ஒரு அலியாஸ் இன்னொரு அலியாசைக் காட்டலாம்; கடைசியில் உண்மையான ஒரு பெட்டி கிடைக்கும்வரை சர்வர் பின்தொடர்ந்து போகும். முருகனுக்குப் பதில் வேறொருவர் வந்தால் ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும் என்பதற்காகத்தான் இப்படிச் சங்கிலியாக எழுதுகிறார்கள். ஆனால் சங்கிலி வட்டமாகிவிடக் கூடாது. 'அ' என்பது 'ஆ'வைக் காட்டி, 'ஆ' திரும்ப 'அ'வைக் காட்டினால், அந்தப் பெயர்களில் யாருக்கும் பெட்டி இல்லாத நிலையில், மெயில் எங்கும் போய்ச் சேராது.

இடப்பக்கத்தில் வெறும் பெயர்தான் வரும், @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் வராது. பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதமும் கிடையாது.

இந்தக் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. ஒரு வரி காலி இடத்தோடு தொடங்கினால், அது மேல் வரியின் தொடர்ச்சி என்று அர்த்தம். நீளமான பட்டியலை மடக்கி எழுத இது வசதி. ஆனால் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டும்போது முன்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால், உங்கள் புதிய குறிப்பு மேலே இருப்பதன் வாலாகிவிடும். பக்கத்தில் விளக்கம் எழுத # குறி போடுவோம் இல்லையா, அதையும் தனி வரியில்தான் போட வேண்டும். குறிப்பின் கடைசியில் போட்டால், நான் பயன்படுத்தும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் அதை விளக்கமாக எடுத்துக்கொள்ளாது.

இதுவரை பார்த்தது: அலியாஸ் என்பது பெட்டி இல்லாத பெயர். கோலனுக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் போகுமிடம். அது இன்னொரு அலியாசாகவும் இருக்கலாம்.

எழுதுவது ஒரு பட்டியல், சர்வர் படிப்பது வேறொன்று

அலியாஸ் விஷயத்தில் முக்கால்வாசித் தொல்லை பிறக்கும் இடம் இது.

வீடு மாறியவுடன் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றக் கேட்டுப் படிவம் கொடுக்கிறோம். ஆனால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது அச்சடித்த பட்டியல். நம் படிவத்தில் இருக்கும் மாற்றம் சேர்ந்து புதிய பட்டியல் அச்சாகி வரும்வரை, அவர் பழையதைத்தான் புரட்டுவார். படிவம் கொடுத்துவிட்டேனே என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை.

/ஈடிசி/அலியாசஸ் நாம் கொடுக்கும் படிவம். சர்வர் புரட்டுவது அதிலிருந்து தயாரித்த இன்னொரு கோப்பு. அதைத்தான் அலியாஸ் டேட்டாபேஸ் என்கிறார்கள்: ஒரு பெயரைக் கேட்டால் கோப்பு முழுவதையும் படிக்காமல், நேராக அந்தக் குறிப்பிடம் போய்ச் சேரும்படி அடுக்கிவைத்த கோப்பு. பழைய அமைப்புகளில் இதன் பெயர் .டிபி என்று முடியும். நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

ஏன் இரண்டு கோப்பு? சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வர் மென்பொருளின் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய அந்த மென்பொருள், 1983இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.1சி பதிப்போடு வெளிவந்தது. அந்தக் காலத்துக் கணினியில் ஒவ்வொரு மெயிலுக்கும் நீளமான கோப்பை முதல் வரியிலிருந்து படிப்பது வீண் பாரம். அகராதியில் "மழை" தேடும்போது யாரும் "அ"விலிருந்து தொடங்குவதில்லை, நேராக "ம" பக்கம் திருப்புகிறோம். டேட்டாபேஸ் கோப்பும் அப்படித்தான், ஆனால் அகர வரிசைக்குப் பதிலாகப் பெயரிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் அறையில் குறிப்பை வைக்கும். தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு அதே அறையைத் திறக்கும். இந்த முறைக்கு ஹாஷ் என்று பெயர். பத்துக் குறிப்பு இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எழுத்துக் கோப்பிலிருந்து இந்த டேட்டாபேஸைத் தயாரிக்கும் கட்டளை நியூஅலியாசஸ். சென்ட்மெயிலில் பிறந்த பெயர். பின்னால் வந்த போஸ்ட்ஃபிக்ஸும், பழகியவர்கள் தடுமாறக் கூடாது என்று அதே பெயரை வைத்துக்கொண்டது. ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998இல் வெளியான மென்பொருள் அது. இன்று உலகமெங்கும் ஏராளமான சர்வர்களில் ஓடுகிறது. கோப்பை மாற்றிய பின் இந்தக் கட்டளையை ஓட்டாவிட்டால் மாற்றம் நடப்புக்கு வராது. ஓட்டிய பின் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. டேட்டாபேஸ் கோப்பு மாறியிருப்பதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தானே கவனித்துக்கொள்ளும்.

இதை நான் சும்மா படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரியில் அட்மிஷன் வேலையைப் பார்த்துவந்த பணியாளர் ஓய்வுபெற்றார். கோப்பைத் திறந்து அவர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதா என்று மாற்றினேன், சேமித்தேன், மூடினேன். நியூஅலியாசஸ் ஓட்டவில்லை. ஓய்வுபெற்றவரின் கணக்கை இன்னும் மூடாததால் மெயில் எதுவும் திரும்பி வரவில்லை. நான்கு நாள் விண்ணப்பங்கள் யாரும் திறக்காத அவருடைய பெட்டியில் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு மாணவியின் அப்பா நேரில் வந்து, "மெயில் போட்டு மூணு நாளாச்சு, பதிலே இல்லையே" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் இந்தத் தவறின் கொடுமை: நாம் பார்க்கிற இடத்தில் பிழையே தெரியாது.

சர்வர் தான் செய்வதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தபோது பதில் அங்கே வரிவரியாக இருந்தது. டேட்டாபேஸ் கோப்பு மூலக் கோப்பைவிடப் பழையது என்று போஸ்ட்ஃபிக்ஸ் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த எச்சரிக்கையை லாகில் எங்கே பார்த்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: யாரோ எழுதியிருக்கிறார்கள், தயாரிக்க மறந்துவிட்டார்கள்.

சரி, தயாரித்தது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எழுத்துக் கோப்பைத் திறந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை என்று இப்போது தெரியும். டேட்டாபேஸையே கேட்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் அதற்குப் போஸ்ட்அலியாஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு -க்யூ என்ற குறியைக் கொடுத்து, அட்மிஷன் என்ற பெயரையும் டேட்டாபேஸின் இடத்தையும் சொன்னால், சர்வருக்கு என்ன விடை கிடைக்குமோ அதையே உங்களுக்கும் காட்டும். "கவிதா" என்று வந்தால் நிம்மதி. பழைய பெயர் வந்தால் தயாரிப்பு நடக்கவில்லை. ஒன்றுமே வராவிட்டால் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

எல்லாச் சர்வரும் இப்படியா என்றால், இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் வழக்கமாக வரும் எக்ஸிம் என்ற மெயில் மென்பொருளின் அமைப்பு எழுத்துக் கோப்பையே நேரடியாகப் படிக்கும். அங்கே தயாரிப்பு என்ற படியே தேவையில்லை. போஸ்ட்ஃபிக்ஸிலும் டேட்டாபேஸ் வகை மாறிவருகிறது. நெடுநாளாகப் பெர்க்லி டிபி என்ற வகைதான் வழக்கம். அதைக் கையில் வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் 2013இல் உரிம விதிகளை மாற்றிய பிறகு லினக்ஸ் விநியோகங்கள் அதிலிருந்து மெல்ல விலகுகின்றன. ரெட் ஹேட் லினக்ஸின் 10ஆம் பதிப்பில் எல்எம்டிபி என்ற வகைதான் இயல்பாக வருகிறது. அதனால் பழைய வழிகாட்டியில் பெர்க்லி டிபியைக் குறிக்க "ஹாஷ்" என்று இருப்பதை அப்படியே தட்டினால் புதிய சர்வரில் வேலை செய்யாமல் போகலாம். போஸ்ட்கான்ஃப் என்ற கட்டளையிடம் அலியாஸ்_மேப்ஸ் என்று கேட்டால், உங்கள் சர்வர் எந்த வகையை, எந்தக் கோப்பைப் புரட்டுகிறது என்று சொல்லிவிடும். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் மற்றது.

பேக்கப் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரப்படுத்த வேண்டியது எழுத்துக் கோப்பை. டேட்டாபேஸ் தொலைந்தால் ஒரு நொடியில் திரும்பத் தயாரிக்கலாம். எழுத்துக் கோப்பு தொலைந்தால் யார் யாருக்கு என்ன போக வேண்டும் என்று அலுவலகம் முழுக்க விசாரிக்க வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்தது: நாம் எழுதுவது எழுத்துக் கோப்பு, சர்வர் புரட்டுவது டேட்டாபேஸ், இரண்டையும் இணைப்பது நியூஅலியாசஸ். சந்தேகம் வந்தால் டேட்டாபேஸையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே சர்வர், இரண்டு டொமைன்

ஒரே சர்வரில் ஒரு கல்லூரியும் அதன் பள்ளியும் தனித்தனி டொமைனோடு இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் "அலுவலகம்" என்ற முகவரி வேண்டும். கல்லூரிக்கு வருவது ஒருவருக்கு, பள்ளிக்கு வருவது இன்னொருவருக்குப் போக வேண்டும். /ஈடிசி/அலியாசஸ் கோப்பில் இதை எழுதவே முடியாது. அங்கே @ குறிக்குப் பின்னால் இருப்பது வராது என்று பார்த்தோம். சர்வர் தன் சொந்த டொமைன் என்று ஏற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் "அலுவலகம்" என்றால் ஒரே ஆள்தான்.

இதற்குத்தான் விர்ச்சுவல் அலியாஸ் என்ற இரண்டாவது பட்டியல். இதில் இடப்பக்கம் முழு முகவரியையும் எழுதலாம், டொமைனோடு. போஸ்ட்ஃபிக்ஸ் இந்தப் பட்டியலை மெயில் உள்ளே வரும்போதே பார்த்துவிடும்; முதல் பட்டியலை, மெயிலை உள்ளூர்ப் பெட்டியில் போடப்போகும் கடைசி நேரத்தில்தான் பார்க்கும். வாசல் காவலாளியும் மாடியில் இருக்கும் உதவியாளரும்போல. வெளியே போகிற முகவரிகளையும்கூட வாசலில் இருக்கும் பட்டியல் மாற்றும். மாடியில் இருப்பவர் பார்வைக்கு உள்ளூர் மெயில் மட்டும்தான் வரும்.

எழுதும் முறையும் வேறு. விர்ச்சுவல் பட்டியலில் கோலன் கிடையாது, இடைவெளி மட்டும்தான். பழக்கதோஷத்தில் கோலன் போட்டுவிட்டால் அதுவும் பெயரின் பகுதியாகிவிடும், அந்தக் குறிப்பு யாருக்கும் பொருந்தாது. தயாரிக்கும் கட்டளையும் வேறு: போஸ்ட்மேப். நியூஅலியாசஸ் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. "நியூஅலியாசஸ் ஓட்டிட்டேன், இன்னும் மாறலையே" என்று புலம்புபவர்களில் பலர் உண்மையில் மாற்றியிருப்பது விர்ச்சுவல் கோப்பை.

விர்ச்சுவல் பட்டியலில் பெயரே இல்லாமல் @ குறியும் டொமைனும் மட்டும் எழுதினால், அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டிக்குப் போகும். கேட்ச்ஆல் என்பார்கள். எழுத்துப்பிழையோடு வரும் மெயிலும் தவறாது என்று ஆசையாகச் செய்வார்கள். கூடவே, வாய்க்கு வந்த பெயருக்கெல்லாம் அனுப்பிப் பார்க்கும் ஸ்பாம் முழுவதும் வந்து சேரும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

வலப்பக்கம் ஆளாக இல்லாதபோது

வலப்பக்கத்தில் ஆள் பெயர்தான் வர வேண்டும் என்றில்லை. வெளி முகவரி வரலாம். இன்க்ளூட் என்ற சொல்லோடு இன்னொரு கோப்பின் பெயர் வரலாம். அந்தக் கோப்பில் இருக்கும் எல்லா முகவரிக்கும் நகல் போகும். நூறு ஆசிரியர் உள்ள பட்டியலுக்கு இது வசதி. அப்படிப் பட்டியல் வைத்தால், பட்டியல் பெயருக்கு முன்னால் ஓனர் என்ற சொல்லும் ஒரு சிறு கோடும் சேர்த்து இன்னொரு அலியாசையும் உருவாக்குங்கள். யாராவது ஒருவருடைய பெட்டி நிரம்பித் திரும்பி வரும் மெயில், எழுதியவருக்குப் போகாமல் அந்தப் பொறுப்பாளருக்குப் போகும்.

| குறி போட்டு ஒரு நிரலின் பெயரையும் எழுதலாம். அப்போது மெயில் பெட்டிக்குப் போகாமல் அந்த நிரலின் வாயில் ஊற்றப்படும். புகார் மெயில் வந்தவுடன் தானாக டிக்கெட் எண் போடும் அமைப்புகள் இப்படி வேலை செய்பவை. கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். பழைய யூனிக்ஸ் கணினிகளில் டிகோட் என்றொரு அலியாஸ் கூடவே வந்தது. அது வந்த மெயிலை யுயுடிகோட் என்ற நிரலுக்கு அனுப்பும். அந்த நிரல் மெயிலுக்குள் சொல்லியிருக்கும் பெயரிலேயே கோப்பு எழுதும். அதாவது உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு மெயில் போட்டே அந்தக் கணினியில் கோப்பை உருவாக்கலாம், இருப்பதை அழித்து எழுதலாம். பழைய கோப்பு ஒன்றைப் பெற்றுக்கொண்டால், | குறி உள்ள ஒவ்வொரு வரிக்கும் "இது எதற்கு?" என்று பதில் தெரிந்த பிறகே விட்டுவையுங்கள். இந்தக் கோப்பில் எழுதும் உரிமையை ரூட்டைத் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எந்தச் சர்வரிலும் இருக்க வேண்டிய பெயர்கள்

போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி கட்டாயம். 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறையிலேயே இருக்கிறது, இன்றைக்கும் மாறவில்லை. உங்கள் சர்வரிலிருந்து மெயில் வருவதில் ஏதாவது கோளாறு என்றால் மற்ற சர்வர்களின் பொறுப்பாளர்கள் எழுதும் முகவரி அது. தவறான பயன்பாட்டைப் புகார் செய்ய அபியூஸ், டொமைன் விவகாரங்களுக்கு ஹோஸ்ட்மாஸ்டர் என்று இன்னும் சில பெயர்களை 1997இன் ஆர்எஃப்சி 2142 பட்டியலிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அலியாசாகப் போட்டு ஒரு உயிருள்ள மனிதரிடம் சேர்க்க வேண்டும்.

ரூட் என்ற வரியையும் மறக்காதீர்கள். இரவில் தானாக ஓடும் வேலைகள் தோற்றுப்போனால் சர்வர் ரூட்டுக்குத்தான் எழுதும். அந்த வரி இல்லாவிட்டால் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் மாதக்கணக்கில் எச்சரிக்கைகள் கிடக்கும். பேக்கப் நின்றுபோனது, அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

ஆட்கள் மாறும்போது

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அவர் கணக்கை அழிக்கிறோம். அலியாஸ் கோப்பில் அவர் பெயர் மூன்று இடத்தில் அப்படியே இருக்கும். அதன்பின் தேர்வுப் பிரிவுக்கு எழுதும் மாணவருக்கு, தான் கேள்விப்பட்டே இராத ஒருவரின் பெட்டி இல்லை என்று மெயில் திரும்பி வரும். கணக்கை அழிக்கும் முன் அந்தப் பெயரை அலியாஸ் கோப்பிலும் விர்ச்சுவல் கோப்பிலும், இன்க்ளூட் பட்டியல்கள் இருந்தால் அவற்றிலும் தேடிப் பாருங்கள்.

"அதுவரைக்கும் என் ஜிமெயிலுக்கு அனுப்பிடுங்க" என்பார்கள். எழுதுவது சுலபம், விளைவு அவ்வளவு சுலபமில்லை. ஒரு டொமைன், தன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று வெளியிடும் பட்டியலுக்கு எஸ்பிஎஃப் என்று பெயர். வங்கியிலிருந்து வந்த மெயிலை உங்கள் சர்வர் ஜிமெயிலுக்குத் தள்ளிவிடும்போது, வங்கியின் பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வங்கி மெயில் வருகிறதே என்று ஜிமெயில் சந்தேகப்படும். வந்த ஸ்பாமையும் சேர்த்தே தள்ளிவிடுவதால் உங்கள் சர்வருக்குத்தான் கெட்ட பெயர். முடிந்தவரை அலியாஸ் உள்ளூர்ப் பெட்டியிலேயே முடியட்டும்.

எங்கள் கோப்பில் அட்மிஷன் வரிக்கு மேலே இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது:

# பொறுப்பாளர் மாறினால் கீழே பெயரை மாற்றவும். நியூஅலியாசஸ் ஓட்டவும். போஸ்ட்அலியாஸில் கேட்டுப் பார்க்கவும். பிறகு வெளி முகவரி ஒன்றிலிருந்து மெயில் அனுப்பி, புதியவர் கையில் கிடைத்ததா என்று நேரில் கேட்கவும்.